மூட்டை இறங்கியும் ஏன் களைக்குது?

கேள்வி: எனக்கு 43 வயது. யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. ஏழு மாதத்துக்கு முன்பு கொழும்பில், இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் சத்திரசிகிச்சை செய்தேன். அப்போது 118 கிலோ, இப்போது 86. சலரோகக் குளிசையை டொக்டர் நிற்பாட்டிவிட்டார். பிரஷருக்கு மட்டும் இரண்டு குளிசை போகிறது. தந்த விற்றமின் குளிசை முடிந்து இரண்டு மாதம், திரும்ப வாங்கவில்லை. சந்தி மட்டும் நிற்காமல் நடக்கிறேன், அது பெரிய சந்தோசம். ஆனால் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மாடிக்கு ஏறினால் நெஞ்சு படபடக்குது, களைக்குது. கதிரையில் இரண்டு நிமிடம் இருந்தால்தான் வகுப்பில் வாய் திறக்கலாம். மகளின் சைக்கிளில் கடைக்குப் போய்ப் பார்த்தேன். காற்றுக்கு எதிரே மிதிக்க ஏலாமல் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தேன். ஒப்பரேஷன் என் இருதயத்தைப் பாதித்துவிட்டதா? அம்மா, "வயிறு வெட்டின உடம்பு, பேசாமல் இரு" என்கிறா. அடுத்த வருடம் நல்லூர்க் கோயில் திருவிழாவில் அடியழிப்பதாக, அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு வீதி சுற்றுவதாக, நேர்த்தி வைத்திருக்கிறேன். முடியுமா?

பதில்:

ரீச்சர், நடை லேசாகிவிட்டது, சைக்கிள் மட்டும் லேசாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிக்குள்ளேயே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. அதைப் பிறகு விளக்குகிறேன். அதற்கு முதல் ஒரு வேலை. இந்தக் கிழமைக்குள் கிளினிக்குக்குப் போய் இரத்தம் சோதியுங்கள்.

ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், படியேறும்போது களைப்பும் படபடப்பும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இருதயத்தை அல்ல, இரத்தச்சோகையை. ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் அமிலமும், விற்றமின் பி12 ஐ உடம்பு பிடித்துக்கொள்ள உதவும் பொருளும் அந்த இரைப்பையில்தான் சுரக்கின்றன. போதாததற்குச் சாப்பாடும் கைப்பிடியளவு. மாதவிடாய் நிற்காத வயது. விற்றமின் குளிசையும் இரண்டு மாதமாக இல்லை. சோற்றோடோ புட்டோடோ தேத்தண்ணி குடிக்கிற பழக்கமும் இருந்தால், வருகிற கொஞ்ச இரும்பையும் அந்தத் தேயிலை மறித்துவிடும். ஒட்சிசனைச் சுமப்பது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின். அது குறைந்தால் இருதயம் என்ன செய்யும்? ஒவ்வொரு நடையிலும் கொண்டுபோகிற சாமான் குறைவு என்பதால் நடையைக் கூட்டும். அதுதான் படபடப்பு. ஈமோகுளோபினோடு, சேமிப்பிலுள்ள இரும்பைக் காட்டும் பெரிற்றின், பி12, விற்றமின் டி, தைரொயிட் இவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். விற்றமின் குளிசையை இன்றைக்கே வாங்குங்கள். இந்தச் சிகிச்சை செய்தவருக்கு அது வாழ்நாள் முழுக்க உள்ளது.

அதே நாளில் ஒரு ஈ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள். பிரஷரும் சலரோகமும் இருந்த 43 வயதுக்காரிக்கு அது மிகையான சோதனை அல்ல. இருதயத்தை ஸ்கான் செய்து பார்க்கிற எக்கோ தேவையா என்பதை டொக்டர் சொல்வார். குளிசைக் கொப்பியையும் மறக்காமல் கொண்டுபோங்கள். 118 கிலோவுக்கு எழுதின பிரஷர்க் குளிசை 86 கிலோவுக்குக் கூடிப்போயிருக்கலாம். இருந்து எழும்பும்போது தலை சுற்றினால் அதை வடிவாகச் சொல்லுங்கள். அந்த இரண்டில் ஒன்று அட்டெனலோல், பிசோபிரோலோல் வகையாக இருந்தால் அதுவே நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடித்து, படியில் காலைக் கனக்கப் பண்ணும். ஆனால் நீங்களாக நிற்பாட்டக்கூடாது. அந்த வகைக் குளிசையைத் திடீரென்று நிற்பாட்டுவது ஆபத்து. நான் பயிற்சியால் சிகிச்சை செய்கிற இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), குளிசையில் கைவைக்கிற ஆள் இல்லை. உங்கள் டொக்டர்தான் குறைக்கவேண்டும்.

நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி நோ, மயக்கம், ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, இருந்த இருப்பில் திடீர் மூச்சுமுட்டல் இவற்றில் எது வந்தாலும் என்னுடைய பதிலை வாசித்துக்கொண்டு இருக்கவேண்டாம். நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, சோதனை எல்லாம் சுகமாக வந்தது என்று வைப்போம். அப்படி வந்தாலும் உங்களுக்குக் களைக்கத்தான் செய்யும். ஏனென்று சொல்கிறேன்.

ஒருவரின் மூச்சுப்பலத்தை அளக்க நாங்கள் பார்ப்பது, உச்சமாக வேலை செய்யும்போது அவர் உடம்பு ஒரு நிமிடத்தில் எத்தனை லீற்றர் ஒட்சிசனை எடுத்துப் பாவிக்கிறது என்பதை. நுரையீரல் எடுக்கவேண்டும், இருதயம் தள்ளவேண்டும், தசை எரிக்கவேண்டும். மூன்றும் சேர்ந்த கணக்கு அது. இந்தக் கணக்கை இரண்டு விதமாக எழுதலாம். மொத்தமாக இத்தனை லீற்றர் என்று எழுதலாம், அல்லது அதை எடையால் பிரித்துக் கிலோவுக்கு இத்தனை மில்லிலீற்றர் என்று எழுதலாம். எடை குறைக்கும் சத்திரசிகிச்சை பற்றிய ஆய்வுகளை வாசிக்கிறவர்கள் இடறி விழுகிற இடம் இதுதான். கிலோக் கணக்கில் பார்த்தால் சிகிச்சைக்குப் பிறகு மூச்சுப்பலம் நல்லாக் கூடியிருக்கும். மொத்த லீற்றரில் பார்த்தால் பலருக்குக் கூடியிருக்காது, சிலருக்குக் கொஞ்சம் குறைந்தும் இருக்கும்.

உங்களை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். அளந்து பார்த்ததல்ல, விளங்குவதற்காக. 118 கிலோவில் உங்கள் உச்ச அளவு 2 லீற்றர் என்றால், கிலோவுக்குக் கிட்டத்தட்ட 17 மில்லிலீற்றர். இப்போது அது 1.8 லீற்றராக இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். 86 ஆல் பிரித்தால் கிலோவுக்கு 21. பேப்பரில் நாலில் ஒரு பங்கு ஏற்றம்! ஆனால் ஒட்சிசனை அளக்கிற மெசினைப் பார்த்தால் பத்தில் ஒரு பங்கு இறக்கம்.

இப்போது சைக்கிளுக்கு வருவோம். நடக்கும்போதும் படியேறும்போதும் உங்கள் முழு எடையையும் நீங்களே தூக்குகிறீர்கள். 32 கிலோ என்றால் ஒரு 25 கிலோ அரிசி மூட்டையும், மேலே ஒரு 7 கிலோவும். அதை இறக்கிவைத்துவிட்டு நடக்கிறவருக்குச் சந்தி கிட்டத்தானே தெரியும். சைக்கிளில் அப்படி இல்லை. சீற்றில் இருந்துவிட்டால் உடம்பைச் சுமப்பது சைக்கிள். மேடு பள்ளம் இல்லாத நம்முடைய ஊரில் மிதிக்கிறவருக்கு எதிரி எடை அல்ல, காற்றுத்தான். சோளகக் காற்றுக்கு எதிரே மிதிக்க வேண்டியது காலின் பலம், அந்த மொத்த லீற்றர். அது கூடவில்லை. ஆகவே இறங்கி உருட்டினீர்கள். ஆய்வுகூட மெசின் எதுவும் இல்லாமலே நீங்கள் உங்களைச் சோதித்திருக்கிறீர்கள், சோதனை சரியாகவும் வந்திருக்கிறது.

காலின் பலம் எங்கே போனது? இழந்த 32 கிலோவும் முழுக்கக் கொழுப்பு அல்ல. இப்படிக் கெதியாக எடை இறங்கும்போது ஏறத்தாழக் கால் பங்கு தசையும், தசையோடு சேர்ந்த நீரும் மற்றதுமாகப் போகிறது. அதிலும் முதல் மூன்று மாதம், ஆறு மாதத்துக்குள்தான் கூடப் போகும். முந்தி 118 கிலோவையும் சுமந்து நடந்த கால், விரும்பியோ விரும்பாமலோ ஒவ்வொரு நாளும் பாரப் பயிற்சி செய்த கால். பாரம் குறைந்ததும் அதற்கு வேலை குறைந்தது. வேலை குறைந்தால் தசை கரையும்.

ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். சந்தையில் மரக்கறி விற்கிறவர், உங்கள் வயதுதான். நாங்கள் ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று செய்வோம். 30 மீற்றர் நீளமான நடைபாதை, இந்த முனையில் ஒரு கதிரை, அந்த முனையில் ஒரு கதிரை, ஆறு நிமிடத்துக்குள் எத்தனை தரம் போய்வருகிறார் என்பதுதான் கணக்கு. ஒப்பரேஷனுக்கு முதல் வந்தபோது இரண்டு தரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு மாதம் கழித்து நிற்கவே இல்லை. திரும்புகிற இடத்தில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார். முடிந்ததும், "என்ன சேர், பாஸா?" என்றார். பாஸ்தான் என்று சொல்லி, அதே கதிரையில் இருத்தி, இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு எழும்பி எழும்பி இருக்கச் சொன்னேன். மூன்று தரம் எழும்பினார். நாலாவது தரம் தொடை நடுங்கியது. ஐந்தாவது தரம் கட்டின கை தானாக அவிழ்ந்து தொடையை ஊன்றியது. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்புப் போய்விட்டது. அன்றைக்குத்தான் அவருக்குப் பயிற்சி தொடங்கினோம்.

ஆகவே ஒப்பரேஷன் இருதயத்தைக் கெடுத்ததா என்றால், இல்லை. கனத்த உடம்புக்கு இரத்தம் அனுப்ப இருதயம் நிமிடத்துக்கு நிமிடம் கூடுதலாகத் தள்ளவேண்டியிருந்தது. அந்தச் சுமை குறைந்திருக்கிறது. சும்மா இருக்கும்போது நாடித்துடிப்பு இறங்கும், பிரஷர் இறங்கும், பல வருடப் பிரஷரால் தடித்த இடது இதயவறைச் சுவரும் மெல்ல மெல்ல மெலியும். சுவீடனில் 1987 இல் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றில், சிகிச்சை செய்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் இருதய நோயால் வரும் சாவும் குறைவாக இருந்தன. நுரையீரலுக்கும் அப்படித்தான். வயிற்றுக் கொழுப்பு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான பிரிமென்றகட்டை மேலே தள்ளிக்கொண்டிருந்ததால் நுரையீரலின் அடிப்பக்கம் விரிய இடமில்லாமல் கிடந்தது. இப்போது இடம் கிடைத்திருக்கிறது, மூச்சு விடுகிற வேலையே லேசாகியிருக்கிறது. குறட்டையும் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிற நோய்க்கு மெசின் பாவிக்கிற வாசகர்கள், எடை இறங்கிவிட்டது என்று அதைத் தாங்களாக மூலையில் வைக்கவேண்டாம். திரும்பச் சோதித்த பிறகுதான்.

பாரத்தை டொக்டர் இறக்கித் தந்துவிட்டார். காலைப் பழக்குவதை எந்த டொக்டரும் கத்தியால் செய்துதர முடியாது. அதுதான் மிச்சம்.

அம்மா சொன்னது பிழையில்லை, காலம் கடந்துவிட்டது, அவ்வளவுதான். முதல் நாலு தொடக்கம் ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது, அது உள்ளே தைத்த இடம் ஆறுகிற காலம். அந்த நாட்களிலும் நடக்கச் சொல்லித்தான் இருப்பார்கள். ஏழு மாதத்துக்குப் பிறகு, தழும்புப் பக்கம் புடைப்பு ஒன்றும் இல்லையென்றால், பேசாமல் இருப்பதுதான் கெடுதல்.

எப்படித் தொடங்குவது? கதிரையில் தொடங்குங்கள். விறாந்தையில் கைப்பிடி இல்லாத, வழுக்காத ஒரு கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கையைக் கட்டிக்கொண்டு 30 செக்கனில் எத்தனை தரம் முழுதாக எழும்பி இருக்கிறீர்கள் என்று மகளை எண்ணச் சொல்லி, அந்த எண்ணைக் கலண்டரில் எழுதுங்கள். ஊரில் மற்றவர்களோடு ஒப்பிடவேண்டாம். போன மாத எண்தான் உங்களுக்குக் கணக்கு. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், எட்டுப் பத்துத் தரம் எழும்பி இருந்து, ஆறி, திரும்ப ஒருக்கால், இன்னொருக்கால். எழும்புவது கெதியாக, இருப்பது ஆறுதலாக. அது லேசானதும் கையில் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி இறக்குங்கள். கிணறு என்றதும் ஞாபகம் வருகிறது. மோட்டர் வந்தபிறகு கப்பியில் அள்ளுகிறவர்களைக் காண்பதே அரிது. பத்து லீற்றர் வாளி என்றால் பத்துக் கிலோ. நாரியை நேரே வைத்து, வயிற்றை இறுக்கி, ஆறு ஏழு வாளி அள்ளிப் பூங்கன்றுக்கு ஊற்றினால் முதுகு, தோள், கை எல்லாவற்றுக்கும் போதும். ஜிம்முக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. அரை வாளியோடு தொடங்குங்கள், முழு வாளிக்கு அவசரப்படாதீர்கள்.

நடையை இனித் தூரத்தால் அளக்காதீர்கள். சந்தி மட்டும் ஒரே வேகத்தில் போய்வருவது உங்கள் உடம்புக்கு இப்போது பழக்கமான வேலை. அதில் கூடுவதற்கு ஒன்றுமில்லை. ஒழுங்கையில் ஒரு லைற் போஸ்ற்றிலிருந்து அடுத்ததற்குக் கெதியாக, அதற்கடுத்த இரண்டுக்கும் ஆறுதலாக, திரும்பக் கெதியாக. கெதி எவ்வளவு கெதி? தேவாரம் பாடிக்கொண்டு நடக்க முடிந்தால் காணாது. ஒரு வசனத்தை ஒரு மூச்சில் சொல்ல முடிந்து, இரண்டாவதற்கு மூச்சு எடுக்கவேண்டி வந்தால் சரி. ஒரு சொல்லுக்கே திணறினால் கூடிப்போச்சு. பிரஷர்க் குளிசை போடுகிறவர்களுக்கு நாடி எண்ணிப் பார்ப்பதைவிட இந்தக் கணக்கு நம்பகமானது. கொரோனாக் காலத்தில் வாங்கி அலுமாரிக்குள் கிடக்கிற, ஒட்சிசன் பார்க்கும் விரல் மெசினைப் போட்டு நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். கிழமைக்கு 150 நிமிட நடையும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்கள் எல்லாருக்கும் சொல்கிற ஆகக் குறைந்த அளவு. ஒரே நாளில் அங்கே போய் நிற்கவேண்டியதில்லை. மாரி தொடங்கி ஒழுங்கையில் வெள்ளம் நின்றால் விறாந்தையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடங்கள்.

பள்ளிக்கூடப் படிக்கு ஒரு சூட்சுமம். ஏறும்போது அநேகமானவர்கள் தெரியாமலே மூச்சை அடக்குகிறார்கள். காலை ஊன்றி உடம்பைத் தூக்குகிற நேரம் உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விடுங்கள். முதலாம் மாடித் திருப்பத்தில், களைக்க முன்னமே, பத்துச் செக்கன் நில்லுங்கள். அப்புறம் அந்தக் கொப்பிக் கட்டு! நாற்பது பிள்ளைகளின் கொப்பியை அணைத்துக்கொண்டுதான் ஏறுவீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு மாதத்துக்கு அதை மாணவத் தலைவர் கொண்டுவரட்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் தசையைப் பற்றிக் கதைத்துப் பிரயோசனமில்லை. நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். உங்கள் இரைப்பையில் இடம் கொஞ்சம், அதைப் புட்டு பிடித்துக்கொண்டால் மீனுக்கு இடமில்லை. ஆகவே முதலில் மீன், முட்டை, பயறு, பிறகு இடமிருந்தால் புட்டும் இடியப்பமும். உள்ளங்கையளவு மீன்துண்டு ஒன்றில், 100 கிராம் என்றால், 20 கிராம் புரதம். முட்டையில் 6. ஒரு கோப்பைப் பாலிலும் அவ்வளவு. 100 கிராம் அவித்த பயறில் 7. காலையில் முட்டை இரண்டும் ஒரு கோப்பைப் பாலும், மத்தியானமும் இரவும் மீன், அதோடு 100 கிராம் பயறும் என்றால் கணக்குச் சரி வந்துவிடும். சொதி நல்லதுதான், ஆனால் சொதியில் புரதம் பெரிதாக இல்லை. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி தள்ளி, நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடியுங்கள். உங்களால் இனிமேல் ஒரேயடியாகச் செம்புத் தண்ணீர் குடிக்க ஏலாது. வெயிலில் வேர்த்தால் பின்தங்கிவிடுவீர்கள்.

இந்தப் பயிற்சியால் தராசு பெரிதாக இறங்காது. இறங்கினாலும் ஒன்றிரண்டு கிலோ. அதைப் பார்த்து மனம் விடவேண்டாம். கூடுவது மூச்சும் கால்பலமும், அதைக் காட்டுவது கலண்டரில் எழுதின எண்.

கடைசியாக நேர்த்தி. அடியழிப்பதைச் சும்மா பக்திக் காரியம் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் செய்து பார்க்கவேண்டும். அடி எடுத்து வைத்து, மண்ணில் விழுந்து கும்பிட்டு, எழும்பி, திரும்ப அடி வைத்து, இப்படி வீதி முழுக்க. நான் கற்பிக்கிற எந்தப் பயிற்சியும் இந்தளவு கடுமையானதல்ல. அதிலும் மணலில், வெறுங்காலோடு. உங்கள் முழு எடையையும் நிலத்திலிருந்து நூற்றுக்கணக்கான தரம் தூக்கவேண்டும், பிரஷர்க் குளிசை போடுகிறவர்களுக்கு ஒவ்வொரு எழும்பலும் தலைச்சுற்றுக்கு ஒரு சந்தர்ப்பம்.

ஆனாலும் முடியும் என்றே சொல்வேன், கிட்டத்தட்ட ஒரு வருடம் இருக்கிறதே. இரத்தமும் ஈ.சி.ஜி.யும் சரியென்று டொக்டர் சொன்ன பிறகு, தைப்பொங்கல் மட்டும் கதிரையும் நடையும். தைக்குப் பிறகு பாயை விரித்து, கதிரையை ஒரு கையால் பிடித்து, ஒரு முழங்காலை ஊன்றி நிலத்திலிருந்து எழும்பப் பழகுங்கள். நாளுக்கு ஐந்து தரம். சித்திரை வருடப்பிறப்புக்குள் கதிரை பிடிக்காமல் பத்துத் தரம். கொடியேற ஒரு மாதத்துக்கு முன்பு, நின்று நின்று, இருபது முப்பது. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் செய்யாதீர்கள். ஸ்லீவ் செய்தவர்கள் குனிந்தால் புளித்து நெஞ்சுக்கு வரக்கூடும்.

திருவிழா 25 நாளும் மச்சம் சாப்பிடமாட்டீர்கள், அந்த நாட்களில் பயறு, கடலை, தயிர், பாலைக் கூட்டுங்கள். அடியழிக்கிற நாளன்று தண்ணீரும் குடியாத விரதம் வேண்டாம். ஐயரிடமோ அம்மாவிடமோ கேளுங்கள், சுகமில்லாதவருக்கு விலக்கு உண்டு என்றுதான் சொல்வார்கள். தேர், தீர்த்தச் சனத்துக்குள் போகாமல் முதல் கிழமையில் ஒரு நாளைத் தெரிந்து, மண் சுட முன்னம், விடியவே தொடங்குங்கள். ஒவ்வொரு பத்து அடிக்கும் நின்று இரண்டு மூச்சு எடுங்கள். தலை சுற்றினால் அப்படியே இருந்துவிடுங்கள், எழும்ப முயலவேண்டாம். மகளை ஒரு தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்திலேயே வரச் சொல்லுங்கள்.